கக்கூஸ் வாசலில் ஒரு ஸ்டூல்

என் அண்ணன் குடல் புற்றுநோயில் போனான். மலத்தில் ரத்தம் வருவதை வெட்கப்பட்டு மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் மறைத்தான். சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை கேமரா விட்டுப் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தோடு ஆவலும் சேர்ந்துகொண்டது. நான் பிளவுஸ் தைக்கிறவள். எந்தத் துணியையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். என்னை மட்டும் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ராயபுரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஐந்து குடித்தனம், இரண்டு கக்கூஸ். ஆஸ்பத்திரியில் கொடுத்த பவுடரைத் தண்ணீரில் கரைத்து முதல் நாள் சாயங்காலத்திலிருந்து குடிக்க வேண்டும். குடல் சுத்தமாகிற வரை போய்க்கொண்டே இருக்கும். "கடைசியில இளநீர் மாதிரி தெளிவா வரணும்" என்றாள் நர்ஸ். மற்ற நாலு குடும்பத்துக்கும் தெரியாமல் இதை நடத்த வழியே இல்லை.

அதனால் கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட் பக்கம் விற்கிறவர். தண்ணி பிடிக்கும் வரிசை முதல் மாடியில் துணி காயப்போடும் கொடி வரை அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"கேமராவா? எது வழியா வுடுவாங்க?"

சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"மீன் வவுத்துல இன்னா இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். மனுசன் வவுத்துல இன்னா கீதுன்னு நீ பாத்துட்டு வந்து சொல்லுமே."

அன்று மதியத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. இடதுபக்கக் கக்கூஸ் மறுநாள் காலை வரை எனக்கு என்று அக்கா தீர்ப்புச் சொல்லி, வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பவுடர் தண்ணீர் முதல் டம்ளரில் எலுமிச்சை சர்பத் போலத்தான் இருந்தது. போகப் போக உப்பு நாக்கில் நின்றது. குடித்துவிட்டுக் காத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஏமாற்று மருந்து என்று நினைத்து ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். ஊசியைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

வெளியே அக்கா விடவில்லை. "இன்னா கலர்ல கீது? வலிக்குதா? ரத்தம் கித்தம் வருதா?" இடையில், மாடியில் குடியிருக்கும் மணலி டேங்கர் டிரைவர் வாளியோடு வந்தார். "பேஜாரு பண்ணாத, அந்தாண்ட போ" என்று அக்கா அவரை விரட்டினார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கக்கா. இதெல்லாமா கேப்பாங்க?"

"சொல்லேன். தெரிஞ்சிக்கறேன்."

உண்மையில் நானும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழுப்பு மஞ்சளானது, மஞ்சள் வெளுத்தது. இளநீர் வந்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், அரைமயக்கத்தில், கேமரா காட்டிய டிவியில் என்னைப் பார்த்தேன். ஈரமான இளஞ்சிவப்பு, சுருக்கு வைத்துத் தைத்த பாவாடை போல மடிப்பு மடிப்பாக. அசிங்கம் என்று எதுவுமே இல்லை. கடுகளவு சதை ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது கெட்டதில்லை என்று சில நாளில் முடிவு வந்தது. கேமரா பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது அண்ணனை நினைத்து அழுதேன்.

அன்று சாயங்காலம் அக்கா என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். பிறகு, "உங்க அண்ணனுக்கு ரத்தம் எப்டி வந்துச்சு? தனியாவா, கலந்துகினா?" என்றார்.

மிஷினை நிறுத்தினேன். "ஏன்க்கா?"

"எனக்கும் வருது. மழைக்காலத்துல இருந்து. மூலம்னு நெனச்சிகினு கம்முனு இருந்துட்டேன்."

காசிமேட்டு மீன் ஏலத்தில் ஊரையே அதட்டுகிற குரல் அது. நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. முதலில் எனக்கு வந்தது கோபம்; அண்ணன்மேல் எனக்கிருந்த அதே கோபம். எதையும் கொட்டாமல், மறுநாள் நானே அவரை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கும் கேமரா வைத்துப் பார்க்க நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின சாயங்காலம் அதே ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். வாளியோடு வந்த டேங்கர் டிரைவர் என்னைப் பார்த்ததும் தானாகவே வலதுபக்கம் போய்விட்டார்.

"என்ன கலர்க்கா?"

"மஞ்சளா கீது. பயமா கீதுமே."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை நான் கேட்டதில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அடுத்த டம்ளர் கலக்கட்டுமா?"

"கலக்கு." உடனே, "நீ எங்கியும் பூடாத" என்றார்.

"இங்கதான் இருக்கேன்க்கா."

டம்ளரில் பவுடர் கரைகிற வரை கலக்கினேன். கதவுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

"கீறியா?"

"இருக்கேன்க்கா."