பெரிய வேன் ஆட்கள்

தஞ்சாவூருக்கு வெளியே தீம் பார்க். உள்ளே ஒரு தட்டு சாம்பார் சாதத்துக்குச் சொல்லும் விலை அநியாயம். நுழையும்போது கட்டிவிட்ட கைப்பட்டையைக் காட்டினால் திரும்ப உள்ளே விடுவார்களாம். மகளை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறேன்.

எதிரே புளியமரத்தடியில் பாய் விரித்து, வரிசையாக இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். மலிவான மெஸ் போலிருக்கிறது. உட்கார்கிறோம். அண்டாச் சோறு, முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூ வடை. மகள் மூன்றாவது வடை கேட்டு வாங்குகிறாள்.

மோர் ஊற்ற வந்த பெண்ணிடம், “எவ்வளவுங்க?” என்கிறேன்.

அவர் கை நின்றுவிடுகிறது. “என்னண்ணே, கிண்டலா? நடவு முடிஞ்சு ஊரே ஒண்ணா வந்திருக்கோம். நம்ம சோத்துக்குக் காசா?”

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வேனையும் ஒரு சின்ன வேனையும் பார்க்கிறேன்.

“இல்லங்க, நாங்க உங்க ஆளுங்க இல்ல...”

“தெரியுது. பெரிய வேன்ல வந்தவங்கதானே? அஞ்சு மணிக்கு வண்டி கிளம்பிடும். போன வருஷம் மாதிரி தேட விட்டுடாதீங்க!” மோரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார்.

மகள் என் காதருகே வருகிறாள். “அப்பா, போன வருஷமும் வந்தோமா?”

நானும் யோசித்துப் பார்க்கிறேன்.