மூலையில் ஒரு துளை

நான் புரோகிராமராக வேலை பார்த்தேன் என்று சொன்னால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடனே எந்தக் கம்ப்யூட்டரில் என்று கேட்கிறார்கள். எதிலும் இல்லை. எழுபதுகளின் நடுவில் போர்ட் பிளேரில் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. மின்விசிறியே பாதி நாள் சுற்றாது. நான் புரோகிராம் எழுதியது பென்சிலால், காகிதத்தில். அதை ஓட்டுகிற இயந்திரம் கடலுக்கு அந்தப் பக்கம் கல்கத்தாவில் இருந்தது. அந்த வேலையில் இருந்த வரைக்கும் எனக்கு ஒரே ஆசைதான். நான் எழுதியது ஓடும்போது அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். பேராசையா இது, நீங்களே சொல்லுங்கள்.

படித்த இடத்திலும் நிற்க விட்டதில்லை. மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கிக் கணக்கில் பட்டம் வாங்கினேன், அதற்குப் பிறகு புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே கம்ப்யூட்டர் இருந்தது, ஏ.சி. அறைக்குள், கண்ணாடிக்குப் பின்னால். மாணவர்கள் நாங்கள் கார்டுக் கட்டை ஒரு ஜன்னல் வழியாக நீட்டுவோம். மறுநாள் அதே ஜன்னலில் அச்சடித்த தாள் வரும். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறவரின் கையைப் பார்க்கிற மாதிரி, அந்தப் படிப்பு முழுக்க நான் பார்த்தது யாரோ ஒருவருடைய கையைத்தான்.

கார்டு என்றால் தபால் கார்டை விட நீளமான அட்டை. நாம் எழுதும் ஒரு வரிக்கு ஒரு கார்டு. எந்த எழுத்துக்கு எங்கே துளை விழ வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. இயந்திரத்துக்கு எழுத்து தெரியாது, துளைதான் தெரியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை நான் சொல்கிறேன்.

அப்பா துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்தார். எங்களுக்கு மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். படிப்பு முடிந்து திரும்பி வந்து, இந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதா, அடுப்பில் போடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மெயின்லேண்டிலிருந்து ஒரு புது அதிகாரி வந்து சேர்ந்தார். டில்லியில் எங்கேயோ கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு பேச்சுக் கேட்டுவிட்டு வந்திருந்தார். தீவில் இந்தப் படிப்புப் படித்தவர் யார் என்று தேடியதில் நான் அகப்பட்டேன். தற்காலிகப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி என்னை உட்கார வைத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை, அரிசிக் கணக்கு. மழைக்காலத்தில் கடல் கெட்டுப் போனால் கப்பல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் எந்த ரேஷன் டிப்போவுக்கு எவ்வளவு அரிசி அனுப்பி வைப்பது என்பதை அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வார்கள். எல்லா டிப்போவுக்கும் ஒரே அளவு. பெரார்கஞ்சில் சொந்த நெல்லே இருக்கும். அங்கே போன மூட்டைகளை எலி தின்னும். சௌல்தாரியில் ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருப்பார்கள். நான் லாரியில் ஏறி அந்த டிப்போக்களுக்கெல்லாம் போய் விவரம் எடுத்தேன். சௌல்தாரியில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு வங்காளத்து அம்மாள், என்னைக் காட்டி, இந்த தீதி எழுதிக்கொண்டு போனால் அரிசி வருமா என்று டிப்போக்காரரிடம் ஹிந்தியில் கேட்டாள். வரும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஒரு எழுத்தாக, பெரிய எழுத்தில் எழுதுவேன். அது தபால் பையில் ஏறிக் கப்பலில் கல்கத்தா போகும். அங்கே ஒரு மையத்தில் பெண்கள் அதைப் பார்த்துக் கார்டில் துளை போடுவார்கள், இயந்திரத்தில் கொடுப்பார்கள். என் தப்புகளெல்லாம் அச்சாகி அடுத்த கப்பலில் திரும்பி வரும். ஒரு கமா விட்டுப்போனால் ஒரு மாதம் போயிற்று. எங்கள் வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் தெரியும். கப்பல் ஊதும்போது மற்ற வீடுகளில் உருளைக்கிழங்கு வந்துவிட்டது, வெங்காயம் வந்துவிட்டது என்பார்கள். நான் மட்டும் தபால் பை இறங்கியதா என்று கேட்க ஓடுவேன்.

அதனால் அனுப்புவதற்கு முன் நானே இயந்திரமாக இருந்து ஓட்டிப் பார்ப்பேன். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு குழியில் டிப்போவின் கையிருப்பு, ஒன்றில் ஜனத்தொகை, ஒன்றில் அடுத்த கப்பலுக்கு இன்னும் எத்தனை நாள், இப்படி. சின்னச் சின்னச் சீட்டில் எண்ணை எழுதிப் போடுவேன். புரோகிராமின் ஒரு வரியைப் படிப்பேன், அது சொன்னபடி ஒரு சீட்டை எடுத்துவிட்டு வேறு எண் எழுதிய சீட்டைப் போடுவேன். அடுத்த வரி. மறுபடி சீட்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்கத்தாவுக்குப் போன என் தாள்களில் சீரக வாசனை அடித்திருக்கும். கடுகையும் வெந்தயத்தையும் டப்பா டப்பாவாகப் போட்டு வைத்துக்கொண்டு, என் பெட்டி எனக்கு எப்போது வரும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்கத்தாவிலிருந்து பிழை இல்லை என்று வரட்டும், தருகிறேன் என்றேன்.

ஒரு நாள் வந்தது. தாளில் ஒரு தப்பும் இல்லை. பரீட்சைக்காகக் கொடுத்திருந்த ஒரு டிப்போவின் கணக்கு, என் பெட்டிக் கணக்கோடு பைசா பிசகாமல் பொருந்தியிருந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொல்வது. அலுவலகத்தில் அது என்ன என்று புரிந்தவர் ஒருவரும் கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்தேன்.

இனி எல்லா டிப்போக்களின் விவரத்தையும் சேர்த்து உண்மையாகவே ஓட்ட வேண்டும். அதற்கு ஒருவர் கல்கத்தாவுக்கு நேரில் போக வேண்டும் என்று மையத்திலிருந்து எழுதியிருந்தார்கள். அந்த ஒருவர் நான் இல்லாமல் யார்? பெட்டி படுக்கையைக்கூட மனதுக்குள் கட்டிவிட்டேன்.

அதற்கிடையில் அலுவலகத்துக்கு வேறு ஒரு கவலை வந்தது. கார்டுகளுக்கு அரசாங்கம் விலை கொடுத்திருக்கிறது, ஆகவே அவை அரசாங்கச் சொத்து, சொத்து ஸ்டோரில் இருக்க வேண்டும். எழுதி வரவழைத்தார்கள். கப்பலில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. நான் எழுதிய வரிகள் கார்டுகளாகி அடுக்கி இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைகளைப் படித்தேன். பிறகு ஸ்டோர்கீப்பர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவர் ராமநாதபுரத்துக்காரர், அப்பாவுக்குப் பழக்கம், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பத்திரமாக வையுங்கள் மாமா என்றேன். தலைமேல் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, கல்கத்தாவில் என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒன்றும் தெரியாதவன் படித்தாலும் புரிய வேண்டும் என்றார். என் பயணத்துக்கு அனுமதி வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எந்தக் கார்டு முதலில், எது கடைசியில், தாள் வந்தால் எங்கே பார்ப்பது, தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று உயிரைக் கொடுத்து எழுதினேன். படித்துவிட்டு மிகவும் பாராட்டினார். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. போகிறவர் அவர். ஒரு பெண் தனியாகக் கப்பலில் போய்க் கல்கத்தாவில் எங்கே தங்குவாய் என்றார். அது பூஜை விடுமுறைக் காலம். அவருடைய மனைவியும் பிள்ளைகளும்கூட அதே கப்பலுக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னதை மட்டும் நான் மறக்கவில்லை.

"நீ இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்த பிறகு நீ எதற்கு?"

கப்பல் கிளம்பியதை வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். அம்மா உள்ளே அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். விடு, உன் புரோகிராம்தானே போகிறது, நீயே போன மாதிரிதான் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவளோடு பேசவில்லை. ஆனால் ராத்திரி படுத்தபோது நானும் அதையே சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதிகாரி சந்தேஷ் டப்பாவோடு திரும்பி வந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். புரோகிராம் ஓடவில்லை என்றார், மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி. முதல் கார்டிலேயே இயந்திரம் தகராறு செய்ததாம். எந்தக் கார்டைக் கொடுத்தாலும் பிழை, பிழை என்றே அடித்ததாம். அங்கே விடுமுறைக் கூட்டம், யாரும் நின்று பார்க்கவில்லை. புரோகிராமில் குறை இருப்பதாக டில்லிக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். என் வாயில் இருந்த இனிப்பை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

போன தடவை சரியாக ஓடிய கார்டுகள் இந்தத் தடவை எப்படிக் கெட்டுப்போகும்? நேரே ஸ்டோருக்குப் போனேன். மாமா இரும்பு அலமாரியைத் திறந்து கார்டுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கார்டுகள் அழகாக அடுக்கி இருந்தன. இடதுபக்க மேல் மூலையில், எல்லாக் கார்டுகளிலும், ஃபைலுக்குப் போடுகிற வட்டமான துளை. அதன் வழியாகப் பச்சை நூல் டேக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"இது என்ன மாமா?"

"டேக் போட்டேம்மா. ஜஹாஜ்ல கடல் தாண்டிப் போற சாமான், அங்கங்கே சிதறிடக் கூடாதுல்ல? ஆபீஸ்ல டேக் இல்லாத காகிதம் லாவாரிஸ்மா, அதுக்கு நாதி கிடையாது."

"இதுல துளை போடக் கூடாது மாமா."

அவர் ஒரு கார்டை நிமிர்த்திப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அதுல ஏற்கெனவே அவ்வளவு துளை கிடக்கே. நான் போட்டது ஒண்ணே ஒண்ணுதானே?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்தைக் கண்டாலும் மூலையில் குத்தி டேக் போட்டு வைத்தவர். பத்திரமாக வையுங்கள் என்றேன், அவருக்குத் தெரிந்த பத்திரம் அதுதான். கோபமெல்லாம் கல்கத்தா போய்வந்த மனிதர்மேல்தான். நான் போயிருந்தால் கட்டைக் கையில் வாங்கியதுமே கண்ணில் பட்டிருக்கும். மையத்துப் பெண்களிடம் சொல்லி ஒரு பொழுதில் வேறு கார்டு அடித்து வாங்கி, சாயங்காலமே ஓட்டியிருப்பேன். அவர் அந்த டேக்கைத் தன் கையாலேயே அவிழ்த்து இயந்திரத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கார்டை வாங்கித் துளை வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

"எல்லாம் எழுதினாய். துளை போடக் கூடாது என்று எழுதவில்லையே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவரே மெதுவாகத் தொடர்ந்தார். டில்லிக்கு எழுதியதை மாற்ற முடியாது. மாற்றினால் யார் துளை போட்டது என்று கேள்வி வரும். ஸ்டோர்கீப்பர் ஓய்வு பெறப் போகிற சமயம், அவர் பென்ஷனில் கை வைக்க உனக்கு மனசு வருமா என்றார். அந்த ஆளின் சாமர்த்தியத்தை இன்றைக்கும் மெச்சுகிறேன். தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள எங்கள் மாமாவின் தலையை எடுத்து முன்னால் வைத்தார்.

என் பணியிடத்தை நீட்டிக்கவில்லை. தபால் அனுப்புகிற டெஸ்பாட்சில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருந்தது, வீட்டில் கலந்து பேசி அதை ஏற்றுக்கொண்டேன். அந்த மழைக்கும் எல்லா டிப்போவுக்கும் ஒரே அளவு அரிசிதான் போயிற்று. சௌல்தாரிப் பக்கம் போக வேண்டிய வேலை வந்தபோதெல்லாம் வேறு யார் தலையிலாவது கட்டினேன்.

ஆனால் பணியிடம் முடிகிற கடைசி நாளில், மனசு கேட்காமல் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். யாரையும் சுட்டவில்லை. புரோகிராம் சரியானது, கார்டுகள் சேதமாகியிருக்கின்றன, மூலத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன, வேறு கார்டு அடித்தால் போதும், அடுத்த கப்பலில் என்னை அனுப்பினால் ஓட்டிக் காட்டுகிறேன். அதிகாரி ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை ஃபைலில் சேர்க்க ஸ்டோருக்குக் கொண்டுபோகச் சொன்னார். பழைய ஃபைல்களும் மாமாவின் பொறுப்புதான்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா வாங்கி, மேசைமேல் தட்டி ஒழுங்கு பண்ணி, குத்தூசியை எடுத்து என் கண் முன்னாலேயே இடதுபக்க மேல் மூலையில் ஒரு துளை போட்டார். பச்சை டேக்கைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"இனி கவலைப்படாதேம்மா," என்றார். "எங்கேயும் போகாது."

அவர் சொன்னபடியே ஆயிற்று.