அம்மன் லாரியைச் சோதிக்கலாமா?

போலீஸ் கோப்ரல் லோகேஸ்வரியின் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. செனாவாங் வீட்டில் அவள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போதுதான், எங்கோ சாலைத் தடுப்பில் நிற்கும் ஒரு மலாய்க்காரப் போலீஸ் தம்பிக்குச் சந்தேகம் வரும். மலாயில் ‘கக்’, அதாவது அக்கா, போட்டுத்தான் கூப்பிடுவான். “கக் லோகேஸ், மோட்டார் சைக்கிள் சீட்டைத் திறந்து பார்க்கலாமா? வாரண்ட் வேண்டுமா?” கரண்டியைக் கீழே வைக்காமலே இவள் திருப்பிக் கேட்பாள்: “எதுக்கு அவன்மேல சந்தேகம்? அத மொதல்ல சொல்லு.” காரணம் உருப்படியாக இருந்தால் திறக்கச் சொல்வாள். ‘அவன் மூஞ்சியே சரியில்லை’ என்று அந்தப் பக்கம் இழுத்தால், “உன் மூஞ்சியுந்தான் சரியில்ல, உன்னயும் சோதிக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

போலீஸ் வேலையில் துரத்திப் பிடிப்பதுதான் மற்றவர்களுக்கு ருசி. இவளுக்கோ, அடுத்தவர் வாசலில் எப்படி நிற்பது, அவர்கள் பெட்டியை எப்போது திறக்கலாம், எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் அக்கறை. அதற்குக் காரணம் இருந்தது. பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவள் அவள். ரப்பர் ஒட்டுப்பால் திருட்டுப் போனதென்று ஒருநாள் தோட்டத்துக் காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அரிசிப் பானை முதற்கொண்டு கவிழ்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கியவள் இவள்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

போன வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். போலீஸ் சோதனைக்கு வந்தால் என்ன கேட்கலாம் என்று அவள் விளக்கினாள். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதையும் கண்ணியமாகச் செய்ய வேண்டும் என்றாள். கோயில் தலைவர் சன்னாசி முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மனுஷன் தூங்கவில்லை என்பது இந்த வருடத் திருவிழாவில் தெரிந்தது.

இந்த வருடம் லோகேஸ்வரி பால்குடம் எடுத்தாள். வேண்டுதல் தம்பி வசந்தனுக்காக. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லாரி ஓட்டுபவன். விபத்தில் கால் நொறுங்கி, இனி லாரியில் ஏற முடியாது என்று டாக்டர்களே கைவிரித்த பிறகு, பிடிவாதமாக எழுந்து நடந்தவன். இப்போது அம்மனைச் சுமந்து வரும் அலங்கார லாரியை அவன்தான் ஓட்டினான். மஞ்சள் சேலையும் வெறுங்காலுமாக, தலையில் குடத்தோடு அதன் பின்னால் நடந்த அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தார் ரோடு சுட்டதுகூட உறைக்கவில்லை.

செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் தோட்டத்துச் சாலையில் போலீஸ் வண்டி குறுக்கே வந்து நின்றது. இறங்கியவர் சார்ஜன் ரஸ்லான், லோகேஸ்வரியின் ஸ்டேஷன்காரர்தான். அம்மன் பீடத்துக்கு அடியில், தடை செய்த பட்டாசு அடைத்த கள்ள வெடிப் பெட்டிகள் இருப்பதாக யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெட்டிகள், என்ன நிறம், எந்த இடத்தில் என்று எல்லாமே சொல்லியிருக்கிறார்கள். லாரியைச் சோதிக்க வேண்டும் என்றார் சார்ஜன்.

சன்னாசி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றார்.

“நில்லுங்க சார்ஜன்! ஆத்தா பொம்பள. ஆம்பள போலீஸு கைய வெக்கக் கூடாது. சட்டமே இருக்குலா. நம்ம லோகேஸ்வரியே மண்டபத்துல நின்னு சொல்லிருக்கா!”

அதையே மலாயிலும் ஒருமுறை முழங்கினார். சார்ஜன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். பிறகு, இப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஸ்டேஷனில் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார். கைப்பேசியை எடுத்து லோகேஸ்வரியைக் கூப்பிட்டார்.

பால்குட வரிசையில், மஞ்சள் சேலை இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி கணகணவென்று அடித்தது. கூட்டம் திரும்பியது. சார்ஜனும் திரும்பினார்.

“லோகேஸ்! நீ இங்கேயா இருக்கிறாய்? இவர் சொல்வது சரியா? சட்டம் அப்படியா சொல்கிறது?”

சன்னாசி அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சார்ஜன் நம்பிவிடுவார். அவள் சொல்லை அந்த ஸ்டேஷனில் யாரும் சரிபார்த்ததில்லை. லாரி அது பாட்டுக்குப் போகும்.

லோகேஸ்வரி லாரியின் ஓட்டுநர் பக்கம் பார்த்தாள். இறங்கி நின்றிருந்த வசந்தன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்குப் பழைய கதை நினைவுக்கு வந்தது. இளவட்டமாக இருந்தபோது தீபாவளிக்குக் கள்ள வெடி விற்று, மாட்டி, அக்காவிடம் செம்மையாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். இப்போது மாட்டினால் லைசென்ஸ் போகும், வேலை போகும். எந்தக் காலுக்காக இந்தக் குடத்தைச் சுமக்கிறாளோ அந்தக் கால் லாக்கப்பில் போய் நிற்கும். ஆனால் லாரியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். கற்பூரத் தட்டு எரிந்துகொண்டிருந்தது.

“அந்தச் சட்டம் மனுசிக்குத்தான் சார்ஜன், சிலைக்கு இல்ல. நீங்க சோதிக்கலாம். புள்ளைங்கள மட்டும் மொதல்ல தள்ளி நிக்க வைங்க.”

உறுமி மேளம் நின்றது. “அடிப்பாவி, ஆத்தாளயே காட்டிக் குடுத்திட்டியே!” என்றார் சன்னாசி. கூடக் குடம் சுமந்து வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

சார்ஜனுக்கோ பெரிய நிம்மதி. “அப்படியென்றால் நீயே சோதித்துவிடு. நீ பெண், இவர்களுக்கும் சங்கடம் இல்லை.”

“முடியாது சார்ஜன். கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் இந்தக் கொடத்தக் கீழ எறக்கக் கூடாது. எறக்கலாம்னாலும் செய்ய மாட்டேன். லாரி ஓட்டுறவன் என் தம்பி. நான் பாத்து ஒண்ணும் இல்லைன்னு சொன்னா யாரு நம்புவா?” சொல்லிவிட்டுச் சன்னாசியைப் பார்த்தாள். “தலைவரே, பீடத்துத் துணிய நீங்களே தூக்கிக் காட்டுங்க. சார்ஜன் பூட்ஸக் கழட்டிட்டு ஏறுவாரு. ஆத்தா சேலையில யாரு கையும் படாது. போதும்லா?”

சார்ஜன் மறுபேச்சில்லாமல் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சன்னாசியின் முறுக்கும் அதோடு பாதி தளர்ந்தது. துணியைத் தூக்கினார்.

அடியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. சொன்ன இடத்தில், சொன்ன நிறத்தில். உள்ளே நீள நீளமான குழாய்கள்.

“சார்ஜன், அதத் தொடாதீங்க, ப்ளீஸ்!” என்று வசந்தன் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.

முடிந்தது கதை என்று லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். குடத்துப் பால் தளும்பி நெற்றியில் வழிந்தது. ஆத்தா, அவன் செய்திருந்தாலும் அவனைக் கைவிட்டுவிடாதே என்று வேண்டினாள். சட்டம் தெரிந்தவள் கேட்கக்கூடிய வேண்டுதலா அது என்றெல்லாம் யோசிக்கவில்லை.

சார்ஜன் ஒரு குழாயை விரல் நுனியால் எடுத்து, மேலே ஒட்டியிருந்ததைப் படிக்க மெல்லத் திருப்பினார். அடிப்பாகம் தனியாகத் திருகிக்கொண்டது.

‘டப்!’

கூட்டமே தரையில் குனிந்தது. குடம் சுமந்தவர்கள் மட்டும் குனிய முடியாமல் நின்றார்கள். வானத்திலிருந்து சாமந்தி இதழ்கள் கொட்டின. அம்மன் மேல், சன்னாசியின் வழுக்கையில், சார்ஜனின் தொப்பியில், லோகேஸ்வரியின் பால்குடத்தில், எங்கும் மஞ்சள்.

அடைத்த காற்றில் வேலை செய்யும் குழாய்தான் அது. கல்யாண வீடுகளில் திருகி விடுவது. மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை. மேலே இதழ்களை அடைத்தவன் வசந்தன். அவன் ஒளித்து வைத்ததைப் பார்த்த யாரோதான் வெடியென்று நினைத்துப் போன் போட்டிருக்க வேண்டும்.

“போச்சு, எல்லாம் போச்சு!” என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா கோயில் வாசல்ல வந்து நிக்கும்போது விடலாம்னு யாருக்கும் தெரியாம வெச்சிருந்தேன்லா!”

முதலில் சிரித்தவர் சன்னாசிதான். பிறகு கூட்டம் மொத்தமும் சிரித்தது. சார்ஜன் மற்றக் குழாய்களையும் பொறுமையாகப் பார்த்து முடித்து, தோளிலிருந்த இதழ்களைத் தட்டியபடியே கேட்டார்: “லோகேஸ், இதையெல்லாம் பறிமுதல் செய்ய வேண்டுமா?”

“பூ வெச்சிருந்தது என்ன குத்தம் சார்ஜன்? குத்தமில்லாத சாமான எந்தக் கணக்குல எடுப்பீங்க?”

சார்ஜன் பெட்டிகளை மூடி, சன்னாசியின் கையில் பயபக்தியோடு கொடுத்தார். உறுமி மறுபடி முழங்க ஆரம்பித்தது.

லோகேஸ்வரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டும் குடத்தில். வசந்தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்துவிட்டான். துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, நான் வெடிதான் வெச்சிருப்பேன்னு நெனச்சியா?”

சார்ஜனுக்குப் பதில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. “நெனச்சேன்டா.”

அவன் கை ஒரு கணம் நின்றது. “நெனச்சுமா சோதிக்கச் சொன்ன?”

“ஆமா.”

“புடிச்சிருந்தா?”

“புடிச்சிருந்தா, கொடத்த எறக்கின கையோட ஜாமீனுக்கு மொத ஆளா நான்தான் வந்து நின்னிருப்பேன்.”

வசந்தன் அவளையே பார்த்தான். பிறகு நொண்டி நொண்டிப் போய் லாரியில் ஏறினான். கோயில் வரைக்கும் பக்கக் கண்ணாடியில் அக்காவைப் பார்த்துப் பார்த்து, அவள் நடைக்குத் தகுந்த மாதிரியே லாரியை ஓட்டினான்.