நாலு ஸ்க்ரூவும் ஒரு வடக்கும்

போன வாரம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் நின்று, நெல்மணி அளவுள்ள ஒரு ஸ்க்ரூவுக்காக வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பிரஷர் மாத்திரை போட வேண்டும், பத்திரிகையில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். இரண்டையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன். பிறகு?

பிறகுதான் கலைவாணியின் போன் வந்தது.

கலைவாணி ஹட்டனில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியை. மோட்டார் சைக்கிள் வயரிங் கற்பிக்கிறார். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் டிப்ளோமா முடித்து, திரும்பவும் மேலே ஏறி வந்தவர். இங்கிருந்து இறங்கிப் போகிறவர்களுக்குப் பாராட்டு விழா நடக்கும். திரும்பி வருகிறவர்களை ‘ஏன், வேலை போயிருச்சா?’ என்றுதான் விசாரிப்பார்கள்.

அவருக்கு ஒரு கனவு. விமானக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கான அடிப்படை வகுப்பு ஒன்றை ஹட்டனில் தொடங்க வேண்டும். மேலிடம் பாதி மனதோடு தலையாட்டியது. கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருவார், பயிற்சிக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார். திருப்தி என்றால் வகுப்பு ஹட்டனுக்கு. இல்லையென்றால் கண்டிக்கு. கண்டிக்குப் போனால், விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்க எந்தத் தோட்டத்துக் குடும்பத்தால் முடியும்? அவர் மனதில் வைத்திருந்த பிள்ளைகளில் ஒருவர்கூடப் போக முடியாது.

பயிற்சிக் கருவி என்பது, இனிப் பறக்கவே போகாத ஒரு பழைய இரண்டு இருக்கை விமானத்தின் கருவிப் பலகை. யாரோ நல்ல மனதோடு அன்பளிப்பாகக் கொடுத்து, லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வேக மானி வந்து சேர்ந்தது. உயர மானி வந்து சேர்ந்தது. திசைகாட்டியும் வந்தது — ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த நாலு ஸ்க்ரூவும் கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஏதோ ஒரு வளைவில் இறங்கிக்கொண்டன.

நான் விமானக் கருவிப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது வாசகர்களுக்குத் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! போய்ப் பார்த்தேன். கலைவாணி திசைகாட்டியை மோட்டார் சைக்கிளின் இரும்பு ஸ்க்ரூ இரண்டால் ஒருமாதிரி மாட்டி வைத்திருந்தார். உயர மானியின் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ்.

“பார்க்க நல்லாத்தானே சேர் இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. பறந்தா செத்துப் போவோம்.”

“இது எங்க சேர் பறக்கப்போவுது? என் மேசையிலதான் இருக்கும்.”

நியாயம்தான். ஆனால் பழக்கம் விடுமா? விமானத்தில் ஏறும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு பத்திரம் உண்டு. எந்த ஊரில் பிறந்தது, எந்த உலோகம், யார் கையெழுத்து... பத்திரம் இல்லாத ஸ்க்ரூ எவ்வளவு நல்ல ஸ்க்ரூவாக இருந்தாலும் அது இந்த உலகத்திலேயே இல்லை என்று அர்த்தம். குடியுரிமைப் பத்திரத்துக்காகக் காத்துக் கிடந்த மலையகத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் பலகையில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டினேன்: ‘பயிற்சிக்கு மட்டும். பறப்பதற்கல்ல.’ அது நடைமுறை. ரேடியோ குமிழையும் மன்னித்தேன். ஆனால் இரும்பு ஸ்க்ரூவை மன்னிக்க முடியாது. ஏன்? திசைகாட்டிக்குள் திரவத்தில் மிதக்கும் சின்ன வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் காந்தம் இருக்கிறது. பக்கத்தில் இரும்பு வந்தால் வடக்கை மறந்துவிட்டு அதன் பக்கம் திரும்பிவிடும். அதனால்தான் திசைகாட்டிக்குப் பித்தளை ஸ்க்ரூ.

டவுனில் ஹார்ட்வெயார் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். பித்தளை இருந்தது, ஆனால் எல்லாமே மில்லிமீட்டர் அளவு. இந்த விமானமோ பழைய பிரிட்டிஷ் தயாரிப்பு — ஸ்க்ரூவின் மரையும் பழைய பிரிட்டிஷ் அளவு. வெளிநாட்டு விற்பனையாளருக்கு ஈமெயில் போட்டேன். பெரிய பெட்டியாகத்தான் விற்பார்களாம், அதுவும் அடுத்த வருடம்தானாம். அதிகாரியோ அடுத்த புதன்கிழமை வருகிறார்.

கலைவாணிக்குத்தான் அந்த யோசனை வந்தது. இந்த நாட்டில் இன்னும் அந்தக் கால அளவிலேயே ஓடுகிற இடம் எது? தேயிலைத் தொழிற்சாலை!

அவருடைய தோட்டத்துத் தொழிற்சாலையின் டீமேக்கர் ராஜேந்திரன். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போகும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. வாய் மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“எங்க கொழுந்து உருட்டுற ரோலரும் வெள்ளைக்காரன் போட்டது, உங்க பிளேனும் வெள்ளைக்காரன் செஞ்சது. அவன் விட்டுட்டுப் போனத ஒட்டவைக்கிறதே நமக்குப் பொழப்பாப் போச்சு சேர்.”

ஆனால் மரை வெட்டும் பழைய அச்சுகள் இருந்தன. லேத் இருந்தது. பித்தளைக் கம்பியும் கிடைத்தது. பித்தளைதானா என்று சோதிக்காமல் வாங்க முடியாது என்றேன். வாக்குவாதம் அங்கேதான் தொடங்கியது. தன் தொழிற்சாலைக் கம்பியைச் சந்தேகப்பட்டது டீமேக்கருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு காந்தத் துண்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். தேயிலைத் தூளில் இரும்புத் துகள் கலக்காமல் பிடிப்பதற்கு ஒவ்வொரு தொழிற்சாலையிலும் காந்தம் இருக்கிறதல்லவா? அப்படி ஒன்றின் உடைந்த துண்டு.

“வச்சுக்கங்க சேர். வீட்டுக்குப் போயி சட்டி பானையையும் சோதிச்சுக்கங்க.”

கம்பி காந்தத்தில் ஒட்டவில்லை. பித்தளைதான். ஸ்க்ரூக்கள் தயாராயின. ஒவ்வொன்றையும் காந்தத்தால் தொட்டுப் பார்த்து வாங்கி, காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெருமையாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாட்டினோம். கச்சிதம். பலகையை வடக்குப் பக்க ஜன்னலைப் பார்த்து வைத்தோம். கண்ணாடிக்குள் உள்ள கோட்டுக்கு நேரே வடக்கு வர வேண்டும். வந்தது கிழக்கு.

ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சோதித்தேன். பித்தளை. இரும்பு மேசைதான் காரணம் என்றேன், மர மேசைக்கு மாற்றினோம். ஜன்னல் கம்பியைக் குற்றம் சொன்னேன், பலகையை நடு அறைக்குக் கொண்டுவந்தோம். குனிந்து பார்த்தால்... கிழக்கு. டீமேக்கருக்குப் போன் போட்டு அவர் கம்பியையே குறை சொன்னேன்.

“மலையில இருக்கிற நமக்கு வடக்கு எதுக்கு சேர்? தோட்டத்துல மேல் பிரிவு, கீழ் பிரிவு தெரிஞ்சா பத்தாதா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கலைவாணி பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். வேக மானி, சரி. உயர மானி — ரேடியோ குமிழைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், சிவப்புச் சீட்டைப் பார்த்து இறக்கினார். நான் பலகையை ஒட்டி நின்று, பித்தளை ஸ்க்ரூவின் மகத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் திசைகாட்டியைப் பார்த்தார். போனை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் திசைகாட்டி.

“நான் வடக்கில பிறந்தனான். வடக்கு எங்க எண்டு எனக்குத் தெரியும்” என்றார். “உங்கட பெட்டிக்குத்தான் தெரியேல்ல.”

ஸ்க்ரூவைக் காட்டுவதற்காக நான் பலகையின் மறுபக்கம் போனேன். கலைவாணி திசைகாட்டியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

“சேர்... நீங்க கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. உதவிக்கு வந்தவனை இப்படியா விரட்டுவது? ஆனாலும் போனேன். வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு தலைகள் திசைகாட்டிக்கு மேல் குனிந்தன. கலைவாணியின் தலை முதலில் நிமிர்ந்தது. சிரித்துக்கொண்டு நிமிர்ந்தது.

அதிகாரி வெளியே வந்தார். சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டார். பேனா எடுத்தேன். மூக்குக் கண்ணாடி எடுத்தேன். கடைசியாக அந்தக் காந்தம்.

“இதென்ன?”

“சோதிக்கிறதுக்கு.”

“எதைச் சோதிக்க?”

“பக்கத்துல காந்தத்த இழுக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு.”

“இருந்திருக்கு” என்றார்.

வாழ்நாள் முழுக்கச் சோதனை போட்டவனுக்கு இது தேவைதான். திசைகாட்டி நல்ல திசைகாட்டி. குனிந்து குனிந்து பார்த்த நான்தான் அதற்குக் கிழக்கைக் காட்டியிருக்கிறேன். எத்தனை வீட்டில், எத்தனை கந்தோரில் இது நடக்கிறது! பிழை தேடுவதற்கென்றே கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் விலகி நின்றால் போதும், பிழை தானாகவே போய்விடும். ஆனால் அவரிடம் யார் சொல்வது?

எப்படிப் பிடித்தீர் என்று அதிகாரி கலைவாணியைக் கேட்டார்.

“ஸ்க்ரூவ மாத்துனோம், மேசைய மாத்துனோம், எடத்த மாத்துனோம். மாத்தாதது சேர் மட்டுந்தான். அவரு அந்தப் பக்கம் போனதும் தட்டும் கூடவே திரும்புச்சு.”

அதிகாரி சிரிக்கவில்லை. பிழை கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கத்தானே இந்த வகுப்பு, அதைத்தான் இப்போது பார்த்தேன் என்றார். பிறகு வெளியே மழைக்குள் குடையை விரித்துக்கொண்டு, “இனி நான் கண்டிக்கு ஏன் போக வேணும், பிள்ளை?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

முந்தாநாள் உறுதியான செய்தி வந்தது. வகுப்பு ஹட்டனுக்கேதான். கலைவாணி போனில் சொன்னபோது வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அறுவர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்களாம், அதில் நால்வர் பெண் பிள்ளைகளாம். முதல் நாள் நான் வந்து பேச வேண்டுமாம். ஒரே ஒரு நிபந்தனைதானாம்.

போகத்தான் போகிறேன். தையல்காரரிடம் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்தாயிற்று — பை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.