காமினி சொன்னா சரிதான்

சிம்பாங் அம்பாட் ஊரில் காமினியின் முகத்தைவிட அவள் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். தைப்பூசமானாலும் தீமிதியானாலும் கோயில் மைக் அவள் கையில்தான். "வெள்ளை மைவி கெரேத்தா ஓனர், வண்டிய எடுங்க, சாமி வெளிய வரணும்" என்பாள். அந்தக் கார் ஓனர் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் கை கழுவிவிட்டு ஓடி வருவார். காமினி சொன்னா சரிதான் என்று பேர் வாங்கியவள்.

மாக் மண்டின் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவரின் மகள், ஜோர்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு மக்கள் தொடர்பு அலுவலகத்தில் அதிகாரியானாள். பெரிய கம்பெனிகள் ஊரிடம் சொல்ல நினைப்பதை ஊருக்குப் புரியும்படி சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. திறப்பு விழாச் செய்தி, தீபாவளி வாழ்த்து, எப்போதாவது ஒரு வருத்த அறிக்கை. முதலாளி ராகவனும் நல்ல மனிதர்தான். பண்டிகைக்குக் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்து முறுக்குத் தின்றுவிட்டுப் போகிறவர். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நடந்ததை அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பத்து காவானுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவே, அவள் அலுவலகத்தின் வாடிக்கையாளரான ஒரு தொழிற்சாலையில், காலையில் ஒரு ரசாயனத் தொட்டி கசிந்தது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நாற்றம். காமினியின் அக்கா புஷ்பவள்ளி குடியிருக்கும் தாமான் அது. ஜனங்கள் துணிமணியைக் காரில் ஏற்றிக் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். கம்பெனிக்கு அதுதான் கவலை. ஜனங்கள் கிளம்பினால் செய்தியாகிவிடும்.

ராகவன் அவளைக் கூப்பிட்டார். "எழுதிப் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. உன் குரல்ல ஒரு வாய்ஸ் நோட் போடு. காத்த சோதிச்சாச்சு, பயப்பட ஒண்ணுமில்ல, வீட்டுலயே இருங்கன்னு சொல்லு."

"சோதிச்சாச்சா, பாஸ்?"

"ஆளுங்க போய்க்கிட்டு இருக்காங்க லா. நீ பேசி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

போய்க்கொண்டிருப்பதும் சோதித்து முடிப்பதும் ஒன்றா? இது தெரியாத பச்சைக் குழந்தையா காமினி? நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசினாள். கோயிலில் பேசும் அதே இதமான குரலில், "நான் காமினி பேசறேன்" என்று ஆரம்பித்து, சோதிச்சாச்சு என்று சொல்லிவிட்டாள். தாமானின் வாட்ஸ்அப் குழுவில் உடனே கும்பிடும் கைகள் வரிசை கட்டின. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் கோகிலன் போன் செய்தான். கோயில் சாவியும் மைக்செட்டும் அவன் பொறுப்பு. "அக்கா, உங்க அக்காவுக்கு மூச்சு முட்டிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். சீக்கிரம் வாங்க."

ஜோர்ஜ்டவுனிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. புஷ்பவள்ளி முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தாள். அதை விலக்கிவிட்டுத்தான் பேசினாள்.

"நீ சொன்னியேன்னு நான் கிளம்பல காமி. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி புள்ளைங்களோட போயிட்டா. நான்தான் போன் போட்டு, என் தங்கச்சியே சொல்லிட்டா, திரும்பி வாடின்னு கூப்பிட்டேன். நம்ம வரிசையில எல்லாரையும் கூப்பிட்டேன். எல்லாரும் வந்துட்டாங்க."

ஓடிப் போனவர்களைக் காமினியின் குரல் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறது. அவள் வெளியே வந்து ராகவனை அழைத்தாள்.

"சோதனை முடிவு என்ன, பாஸ்?"

"சோதிக்கப் போனவங்கள இன்னும் உள்ளயே விடல காமினி. யாரோ பெரியவங்க வரணுமாம்."

"அப்ப நாம சொன்னது பொய்னு சொல்லிடலாம்."

"திங்கக்கிழமை பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

அவள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று இன்னொரு வாய்ஸ் நோட் பேசினாள். காற்றை யாரும் சோதிக்கவில்லை, உடனே கிளம்புங்கள் என்று அதே குழுவில் போட்டாள். கோகிலனின் காரில் ஏறி உட்காருவதற்குள் அலுவலகத்தின் அறிக்கை வந்துவிட்டது. "எங்கள் அதிகாரி காமினியின் குரலைப் போலக் கணினியில் தயாரித்த போலி ஒலிப்பதிவு ஒன்று பரவுகிறது. பொதுமக்கள் நம்ப வேண்டாம்."

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அந்த வாக்கியமே அவளுடையதுதான். வதந்தி கிளம்பினால் உதவும் என்று போன வருஷம் அவளே எழுதிக் கொடுத்த மாதிரி அறிக்கை. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். தன் வாயைத் தன் எழுத்தாலேயே அடைத்திருக்கிறார்கள்.

"எது நெசம்க்கா? காலைல பேசினதா, இப்ப பேசினதா?" என்றான் கோகிலன்.

"ரெண்டும் நான்தான். காலைல பேசினது பொய். கோயிலுக்கு ஓட்டு."

தாமான் கோயில் வாசலில் இறங்கியதுமே கண் எரிந்தது. கோகிலன் மைக்கைப் போட்டுக் கொடுத்தான். "நான் காமினி பேசறேன். நானேதான். காலைல பொய் சொல்லிட்டேன். யாரும் எதையும் சோதிக்கல. கெரேத்தா இருக்கறவங்க இல்லாதவங்களையும் ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க."

சிலர் வாசலுக்கு வந்தார்கள். கையில் போன், போனில் அந்த அறிக்கை. "இதுவும் டூப்பா இருக்கும் லா, டேப் போடறாங்க" என்றார் ஒருவர். ஒரு கார்கூட நகரவில்லை. வண்டியை எடு என்றால் எடுத்த ஊர் அது.

ஜெயலெட்சுமிதான் கோயிலுக்குள் வந்தாள். இடுப்பில் சின்ன மகள், இருமிக்கொண்டே இருந்தாள். ஜெயலெட்சுமி கத்தவில்லை, மைக்குக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"பாதி வழி போயிட்டேன் காமினி. நீ சொன்னியேன்னு திரும்பி வந்து துணியெல்லாம் அலமாரியில அடுக்கிட்டேன். என் புள்ள மூச்சு விட முடியாம இருமுது. இப்ப நான் எதை நம்பறது?"

காமினிக்கு மைக்கை அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஜெயலெட்சுமி சொன்னதும் அந்தப் பிள்ளையின் இருமலும் ஒலிபெருக்கியில் தாமான் முழுக்கக் கேட்டன. அதற்குப் பிறகுதான் முதல் கார் கிளம்பியது.