சம்பந்தியம்மா ஏறினால் கத்தும் கார்

காருக்கு ஏதாவது கோளாறு வந்தால் பாதிப் பேர் முதலில் வேறு எங்காவதுதான் போவார்கள். அங்கே இதை மாற்று, அதை மாற்று என்று நாலு சாமானை மாற்றியும் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மெக்கானிக் ‘ஸ்டெதஸ்கோப்’ கடைக்கு வந்து சேருவார்கள். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடி நிற்பார் என்பதால் வந்த பட்டம் அது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, “வாட்டர் பம்ப்புல பேரிங் போயிருக்கு” என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கடைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்காக அவர் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை. லாரி ஷெட்டில் கரி படிந்த சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தவருக்கு இன்று சொந்தக் கடை, காரைத் தூக்கி நிறுத்தும் சொந்த லிஃப்ட், சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் சொந்த ஸ்பேனர்கள். “நானா விழுந்தேன், நானா எந்திரிச்சேன். நடுவுல ஒரு பய தண்ணி கூடக் குடுக்கல” என்பார், கேட்காதவர்களிடமும்.

கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு: ‘வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வழக்கமாக உட்காருகிறவர்களும் வரவும்.’

அந்தப் போர்டுக்குக் காரணம் ஒரு துணி வியாபாரி. இடது பக்கம் திரும்பினால் மட்டும் அவர் காரில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். இரண்டு கடைகளில் முன்சக்கரத்துச் சாமான் முழுவதையும் மாற்றியிருந்தார்கள். ஸ்டெதஸ்கோப் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பிய உடனே சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தார். “இந்தாங்க உங்க சஸ்பென்ஷன். தண்ணி இருக்கு, குடிங்க.” அந்த வியாபாரி மற்ற கடைகளில் காரை விடும்போதெல்லாம் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு சத்தம் எப்படிக் கேட்கும்? சத்தம் வந்தால் ஸ்பேனரை எடுக்கும் முன் டிக்கி, சீட்டடி, கதவுப் பை எல்லாவற்றையும் காலி செய்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதி வியாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவருக்கு அவர் வீட்டுக் காரே தண்ணி காட்டியது.

அடிபட்ட இரண்டு கார்களை வாங்கி, இதன் முன்பாதியையும் அதன் பின்பாதியையும் சேர்த்துத் தன் கையாலேயே பூட்டி, மகளுக்குக் கொடுத்த கார் அது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பேத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மகளின் மாமியார்தான். அந்தச் சம்பந்தியம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மட்டும், சிக்னலுக்குச் சிக்னல், வால் மிதிபட்ட பூனை மாதிரி கார் ‘க்ரீச்’ என்று கத்தியது. மாப்பிள்ளை உட்கார்ந்தால் சத்தமில்லை. வேறு யார் உட்கார்ந்தாலும் சத்தமில்லை.

ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போது உறவுக்காரர் ஒருவர், “உங்க வெயிட்டு தாங்காம கார் அழுவுது பாருங்க” என்று சொல்லி வைக்க, கூட்டமே சிரித்துவிட்டது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை பெரியவன் வீட்டுக்குப் போறேன். அங்க கார் இல்ல, பஸ்தான். பஸ்ஸு யாரையும் கேலி பண்ணாது.”

அவர் போய்விட்டால் மகள் வேலையை விட வேண்டியதுதான். அந்த வீட்டில் குழந்தையைப் பார்க்க வேறு ஆளில்லை.

மகள் காரைக் கடையில் கொண்டுவந்து விட்டாள். ஸ்டெதஸ்கோப் காலையில் ஓட்டினார், மத்தியானம் ஓட்டினார், மேட்டில் ஏற்றினார், பள்ளத்தில் இறக்கினார். ஸ்க்ரூடிரைவர் வைக்காத இடமில்லை. பூனையைக் காணோம். சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டு, “வண்டி சுத்தமா இருக்குங்க சம்பந்தி, ஒரு குறையும் இல்ல” என்று பெருமையாகச் சொன்னார்.

“அப்ப குறை எங்கிட்டதான்னு சொல்றீங்க.”

போன் பட்டென்று வைக்கப்பட்டது.

வாசல் போர்டு அவரையே முறைத்துப் பார்த்தது. ஆனால், பெண்ணைக் கொடுத்த இடத்தில் போய், ‘வாங்க, வந்து வெயிட்டுக்கு உட்காருங்க’ என்று எந்த வாயால் கேட்பது? அதனால் வேறொரு வழி செய்தார். இரண்டு மணல் மூட்டைகளை முன்சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டு ஓட்டினார். அப்போதும் கார் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது மகள் கடை வாசலில் நின்றிருந்தாள்.

“அப்பா, யாருப்பா இது முன்னாடி?”

“உன் மாமியாரு.”

“ஐயோ! ரெண்டு மூட்டையா? சத்தமா சொல்லாதீங்கப்பா, காதுல விழுந்தா ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூட இருக்கமாட்டாங்க!”

இரவு சாப்பாட்டில் மனைவியிடம் புலம்பினார். “அதே வெயிட்டு, அதே சீட்டு, அதே ரோடு. அப்புறம் ஏன் கத்தல?”

மனைவி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, மூட்டைக்குப் பயம் இருக்கா? நீங்க ஓட்டுற ஓட்டுக்குப் பக்கத்துல உக்காந்து நான் எப்பவாவது சும்மா வந்திருக்கேனா? சாமியைக் கூப்பிடுவேன், கைப்பிடியைப் பிடிச்சுத் தொங்குவேன், காலை ஊணிக்குவேன். மூட்டை பேசாம வரும். அதுக்கென்ன, புள்ளையா குட்டியா?”

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. ‘இத்தனை வருஷம் ஸ்பேனர் பிடித்த எனக்கு இது தோன்றவில்லையே’ என்று நினைத்தார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். கட்டிலின்மேல் பெட்டி பாதி நிரம்பியிருந்தது.

“சம்பந்தி, ஒரு உதவி. எனக்கு வண்டியோட நோய் புரியல. நீங்க வந்தாத்தான் புரியும்.”

“நீங்களா? புரியலைன்னு நீங்க சொல்லியா நான் கேக்குறேன்?”

“முதல் தடவை சொல்றேன். ரெண்டாந்தடவை சொல்லவைக்காதீங்க.”

அந்த அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மகள் ஓட்டினாள். சம்பந்தியம்மா முன்சீட்டில். ஸ்டெதஸ்கோப் பின்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நுழைத்துக் கீழே பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னல் வந்தது. மகள் பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே சம்பந்தியம்மா மிதித்துவிட்டார்! பிரேக் இல்லாத இடத்தில், வலது குதிகாலால், உடம்பின் பலமெல்லாம் சேர்த்து. ‘க்ரீச்!’

“பாத்தீங்களா, பாத்தீங்களா!” என்றார் சம்பந்தியம்மா.

“பாத்தேன் சம்பந்தி. நல்லாவே பாத்தேன்.”

காரை ஓரங்கட்டச் சொன்னார். எஞ்சினை அணைத்துச் சூடு ஆறும்வரை பொறுத்தார். சூடான புகைக்குழாயின் பக்கம் கையை விடுகிறவனுக்குத் தோல் மிஞ்சாது. பிறகு வெள்ளைச் சட்டையோடு கீழே படுத்து உள்ளே நகர்ந்தார். “இப்ப அழுத்துங்க சம்பந்தி!” மேலே குதிகால் இறங்கியது. கீழே, காரின் தரைக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில் சூட்டைத் தடுக்கிற மெல்லிய தகடு அசைந்து குழாயில் உரசியது. ஒரு பக்கத்து போல்ட்டைத் துரு தின்றுவிட்டிருந்தது. தகடு ஒற்றைக் காலில் தொங்கியது. எஞ்சின் அதிரும்போது அந்த உரசல்தான் பூனை. மற்றவர்கள் யாரும் தரையை அப்படி மிதிப்பதில்லை. அதனால் தகடும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்தவர் முதுகில் மண். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ‘உங்க கால்தான் காரணம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் காருக்குக் கெட்ட பெயர் இல்லை. ஆனால் பெட்டி மூடிவிடும். ‘சும்மா ஒரு சத்தம்’ என்று மழுப்பினால் அது பொய். காரைப் பற்றி அவர் வாயிலிருந்து இதுவரை பொய் வந்ததில்லை.

“குறை வண்டியிலதான் சம்பந்தி. நான் பூட்டின வண்டியில” என்றார். “அடியில ஒரு தகடு கழண்டு தொங்குது. நீங்க பயந்து காலை ஊணுறீங்க இல்ல, அந்த மிதியிலதான் அது மாட்டுச்சு. என் ஸ்க்ரூடிரைவருக்கே மாட்டல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, இவ குழந்தையோட போறப்ப நடுரோட்டுல கழண்டு விழுந்திருக்கும்.”

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்து, “நான் அப்பவே சொன்னேன், வண்டியில என்னமோ இருக்குன்னு. யாரு கேட்டீங்க?” என்றார்.

கடையில் அந்தத் தகட்டைச் சரி செய்தார். சிலர் சத்தம் தொல்லை என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அப்புறம் தரைவிரிப்பு சூட்டில் கருகும். துருப்பிடித்துப் பெரிதான ஓட்டைக்கு அகலமான வாஷர் வைத்துப் புது போல்ட் போட்டால் போதும், தகடு வண்டியோடு சேர்ந்து கிழடாகும். அதோடு அவர் நிற்கவில்லை. முன்சீட்டுக்கு எதிரே, தரையில் சாய்வாக ஒரு கட்டை பதித்து, ஒரு பழைய லாரியின் பிரேக் மிதியில் இருந்த ரப்பரை அதன்மேல் ஒட்டினார்.

“இது என்ன, பிரேக்கா?” என்றார் சம்பந்தியம்மா.

“உங்களுக்குன்னு தனியா.”

ஞாயிற்றுக்கிழமை பெட்டி பரணுக்குப் போய்விட்டது. சாயங்காலம் எல்லோருமாக வெளியே கிளம்பினார்கள். மகள் பின்னால் குழந்தையோடு, சம்பந்தியம்மா முன்னால். ஸ்டெதஸ்கோப் ஓட்டினார், அவர் வழக்கப்படி கொஞ்சம் வேகமாகவே. சிக்னலில் அவர் காலும் சம்பந்தியம்மாவின் காலும் ஒன்றாக இறங்கின. கார் கோட்டுக்கு முன்னால் சத்தமில்லாமல் நின்றது.

“பாத்தீங்களா, எப்படி நிறுத்தினேன்!” என்றார் சம்பந்தியம்மா.

ஸ்டெதஸ்கோப் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். மகள் சிரிப்பை அடக்கக் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் என் வண்டிங்க சம்பந்தி. எந்தப் பிரேக்கை மிதிச்சாலும் நிக்கும்” என்றார் அவர்.