அத்தை ஏலத்தில் எடுத்த செடி

அம்மா லெபனானிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வந்தவளை எனக்குப் பிடிக்கவில்லை. இதை மென்று விழுங்கிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நாலு வயதில் விட்டுப் போனவள். எனக்குத் தலை வாரியது, அடித்தது, ஜெபம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அப்பாவின் அக்கா. கந்தப்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டில் அடுப்பும் அத்தையுடையது, நானும் அத்தையுடையவள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாக்லேட், கம்பளியோடு அம்மா கொஞ்சம் விதையும் கொண்டுவந்திருந்தாள். கைக்குட்டை முனையில் முடிந்திருந்தது, கடுகைவிடப் பொடிசு. அவள் வேலை பார்த்த வீட்டம்மாவின் தாய் மெக்சிகோவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவளாம். எபசோத்தே என்று அந்தச் செடிக்குப் பெயர் சொன்னாளாம். பயறு வேகும்போது இரண்டு கொத்துப் போட்டால் வயிறு ஊதாதாம். அம்மா லீக்ஸ் பாத்தியின் ஓரத்தில் விதையைத் தூவினாள். எங்கள் குளிருக்கும் மழைக்கும் அது அசரவில்லை. இடுப்புயரம் வளர்ந்தது. இலையைக் கசக்கினால் மண்ணெண்ணெயில் எலுமிச்சைத் தோலைப் போட்ட மாதிரி ஒரு நெடி.

கௌபிப் பயறு அவிக்கும்போதெல்லாம் அம்மா இறக்குவதற்குச் சற்று முன்னால் அதைக் கிள்ளிப் போடுவாள். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். ஒருநாளும் அதை வாயில் வைத்ததில்லை. நானும் வைக்கவில்லை. எனக்கும் தனக்கும் அத்தை தனியாக ரொட்டி சுட்டு சம்பல் இடிப்பாள். அம்மாவும் அப்பாவும் அந்தக் கௌபியைத் தின்பார்கள். அப்பா எதைக் கொடுத்தாலும் தின்பவர், அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பிறகு பீலிக்கரையில் பேச்சு கிளம்பியது. அது கருக்கலைக்கிற இலை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெளிநாடு போன பொம்பளை அதை எதற்குக் கொண்டுவந்தாள், அங்கே எத்தனை தரம் தேவைப்பட்டதோ என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சிரித்தார்கள். பப்பாளியையும்தான் அப்படிச் சொல்கிறார்கள், பப்பாளி தின்றவளை யாரும் விசாரித்ததில்லை. அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. அம்மாவைப் பற்றி ஏதோ அசிங்கம் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. ஏஜென்சிக்காரன் மறுபடி லெபனானுக்குக் கூப்பிடுகிறான், இங்கே தலை காட்ட முடியவில்லை, நான் போய்விடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். போகட்டும் என்று நான் ஜெபித்தேன்.

அந்த மாதம் எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைவித்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். கேரட், லீக்ஸ், முட்டை, கால் கட்டிய சேவல் எல்லாம் வந்தன. அம்மா ஒரு பால்மா டின்னில் அந்தச் செடியை வைத்துக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தாள். அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. அல்லது போவதற்கு முன்னால் ஒருதரம் நிமிர்ந்து நிற்கலாம் என்று நினைத்தாளோ.

ஏலம் விட்டது பள்ளிக்கூடத்து சார். டின்னைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "யாருப்பா லாம்பச் சாச்சது?" என்றார். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். அதோடு போயிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வாங்குறவங்க எதுக்கு வாங்குறாங்கன்னும் சொல்லிட்டு வாங்கணும் சார்."

இந்தத் தடவை பெண்கள் மட்டும் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். யாரும் ஏலம் கேட்கவில்லை. சார் டின்னை ஓரமாக வைக்கப் போனார்.

அத்தை எழுந்து நின்றாள்.

"அத எனக்குப் போடுங்க சார்."

"உங்க வீட்டுச் செடிய நீங்களே எடுக்குறீங்களாக்கா?"

"ஆமா. எங்க வீட்ல வாரம் பூரா இதத்தான் ஆக்குறோம். நான் திங்கிறேன், எந்தம்பி திங்கிறான், இந்தா, இந்தப் புள்ளையும் திங்குது. வாசல்ல வைக்க ஒரு டின்னு வேணும்." பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "வேற யாருக்கும் வேணும்னா வீட்டுக்கு வாங்க. வெத தாரேன்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். ஆனால் அத்தை உட்கார்ந்துகொண்டே என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் சத்தம் உள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போகக் குறுக்குப் பாதை இருந்தது. அத்தை அதில் போகவில்லை. டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று லயத்து வாசலையும் கடந்துதான் போனாள். எங்கள் படியில் அதை வைத்துவிட்டு, "ஆக்கு புள்ள" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா கௌபி அவித்தாள். அத்தை தட்டில் வாங்கி ஒரு வாய் வைத்தாள். முகம் கோணிப்போனது.

"நாத்தந்தான். இன்னுங் கொஞ்சம் போடு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதே கையால் கண்ணைத் துடைத்தாள். ஏஜென்சிக்காரனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. எனக்கு அன்று ரொட்டி சுட ஆளில்லை. பட்டினி கிடந்தேன்.

பசியைவிட வேறொன்றுதான் என்னை அரித்தது. சின்னப் பொய்க்கெல்லாம் என் வாயில் மிளகாய் வைத்த அத்தை, பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்லியிருந்தாள். தானும் தின்பதாகச் சொன்னாள், நானும் தின்பதாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு சபையார் எல்லோரும் பாவ அறிக்கை சொன்னபோது நான் கண்ணை மூடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போலச் சொல்லி முடித்தாள். அழவில்லை, குரல் தடுமாறவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவ்வளவு பெரிய பொய் சொன்னவளுக்கு எப்படி இவ்வளவு நிம்மதி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பின்வரிசையில் சிரித்தவர்களும் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.